ஊது பாடம் கட்டியவரின் வீடு

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் பேண்டு செட் என்றால் என் செட்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், யார் தயவும் இல்லாமல் கடை பிடித்து, பித்தளை வாத்தியங்களை வரிசையாக வாங்கி மாட்டினேன். கார்னெட் ஊதுவதில் என்னை மிஞ்ச தென்னாற்காட்டிலேயே ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

கார்னெட் பழகும் எவனும் முதலில் வாசிப்பது சில ஊது பாடங்கள். உதடும் மூச்சும் படிய யாரோ கட்டிய மெட்டுகள். காதால் கேட்டே பழகியவை. அதில் ஒன்றில், பாதியில் திடீரென்று ஓர் இடைவெளி வரும். எந்தத் தாளக் கணக்கிலும் அடங்காது. ஆனாலும் எல்லோரும் அங்கே நிறுத்தித்தான் தொடர்வோம். அதுதான் பாடத்தின் அழகு என்று நானே செட்டு ஆட்களிடம் அளந்திருக்கிறேன்.

எதிர் செட்டுக்காரன், "அதெல்லாம் எங்க தாத்தா கட்டுனது" என்று சொல்லித் திரிந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையான ஆளைக் கண்டுபிடித்து, அவர் படத்தைக் கடையில் மாட்டிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

அலைந்து திரிந்து, வாசிப்பை விட்டு வீட்டோடு கிடந்த ஒரு டிரம்காரரைப் பிடித்தேன்.

"அவரா? சிதம்பரத்து ஆளு மாப்ள. நெஞ்சுல காசம். அந்தப் பாடத்த ஊதறப்ப நடுவுல நின்னு இருமுவாரு. நாங்க அதையும் சேத்துப் பாடமாக்கிட்டோம்!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரல் இறங்கியது. "இங்க ஆஸ்பத்திரியிலதான் போயிட்டாரு. நாங்களே எடுத்துப் பொதச்சோம். அவரு சம்சாரத்துகிட்ட போயி சொல்ற தைரியம் யாருக்கும் வரல."

சிதம்பரத்தில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. உச்சி வெயில், சந்தில் ஒரு காக்கை கூட இல்லை. கதவைத் திறந்த அம்மாளின் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

கடையில் மாட்ட ஒரு போட்டோ வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"போட்டோ எதுக்கு? ஆளே இருக்காங்களே" என்றார். "முதல்ல ஊதிக் காட்டு. அவுங்க பாடந்தானான்னு கேக்கறேன்."

எதிரில் உட்கார்ந்து, வாயை மூடி, கண் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்த கார்னெட்டை எடுத்து ஊதினேன். இடைவெளி வந்தது. நிறுத்தினேன்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

உதடு மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் பழக்கத்தில் தாமே மீதியை முடித்தன. அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே விரித்த பாய், மூடி வைத்த சொம்பு. ஆள் இல்லை.

"காலையில ஜாஸ்தியா இருந்துச்சு. இப்ப தேவல" என்றார் அம்மாள். பிறகு, "ஏந் தம்பி, முதுநகர்லேர்ந்துதான வர? அவுங்களப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

பெட்டியிலிருந்து படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். "கொண்டு போ. மாலை மட்டும் போட்டுடாத."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எதிர் செட்டுக்காரன் என் கடைக்கு வந்தான். எல்லாப் படத்துக்கும் கதம்ப மாலை. இது ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"என்ன மச்சான், வாத்தியாருக்கு மாலை வாங்க வக்கில்லியா? இல்ல, ஆளு இன்னும் இருக்காரா?"

"இருக்காரு. சிதம்பரத்துல, வூட்லதான்."

"நீ பாத்தியா?"

"பாக்கல" என்றேன். "இருமுனத கேட்டேன்."