லாரியைக் கடித்த சித்தப்பா

எங்கள் சித்தப்பா ஒரு லாரியைக் கடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. டீச்சர் மட்டும், "எந்த இடத்தில் கடித்தார்?" என்று கேட்டார். "வயிற்றில்" என்றேன். அன்று மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நின்றேன்.

சண்டை முடிந்து, பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு உப்பு வியாபாரம். உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் ஏற்றி மாளவில்லை என்று, பர்மாவிலிருந்து திரும்பியிருந்த சித்தப்பாவை மதுரைக்கு அனுப்பி ஒரு லாரி எடுத்துவரச் சொன்னார். சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பச்சை நிறமும் சப்பை மூக்குமாக அது எங்கள் வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. மற்ற லாரிகளில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இதில் ஒரு கம்பியைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். உப்பளத்துச் சேறு, கடற்கரை மணல் எதுவும் அதற்குப் பொருட்டே இல்லை.

ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் அது முனகியது. தீராத வயிற்றுவலிக்காரன் படுத்துக்கொண்டு முனகுவது போல. வளைவில் திரும்பினால் அடியிலிருந்து 'டக்'கென்று ஓர் இடி. சண்டையில் செத்த பட்டாளத்துக்காரன் உள்ளே இருக்கிறான் என்று மூட்டை ஏற்றுகிறவர்கள் வண்டி மேல் உட்கார மறுத்தார்கள். அப்பாவுக்குப் பேயைப் பற்றிக் கவலை இல்லை. சரக்கோடு நடுரோட்டில் வண்டி உடைந்து நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

"ஏலே, அந்தச் சத்தம் என்னதுலே?" என்று கேட்பார்.

"என்ன சத்தம்? ஒண்ணும் இல்லியே, அண்ணே" என்பார் சித்தப்பா.

ஊருக்கே கேட்கிற சத்தத்தைத் தம்பி இல்லை என்கிறானே என்று அப்பாவுக்கு எரிச்சல். தான் பார்த்து எடுத்த வண்டி என்பதால் பொய் சொல்கிறான் என்று நினைத்தார். அதோடு பட்டாளத்திலிருந்து வந்த பிறகு சித்தப்பா கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற புகாரும் இருந்தது. பட்டாளத்துத் திமிர் என்றார்கள். எனக்கு அந்தப் புகார் இல்லை. நான் ஒரு கதை சொன்னால் "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். என் கதை அவ்வளவு பிடிக்கிறது என்று எனக்குப் பெருமை.

என் தம்பிக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் கிளம்பினோம், அந்த லாரியில்தான். சாத்தான்குளத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா, தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளும் நானும் முன்னால் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் பின்னால்.

வழியெல்லாம் வண்டி முனகியது. ஒரு வளைவில் பெரிதாக இடித்தது. தம்பி வீரிட்டான். பின்னாலிருந்து அப்பா, "நிறுத்து, நிறுத்து" என்று தகரத்தில் படபடவென்று அடித்தார். சித்தப்பா பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை அவர் கையைத் தொட்ட பிறகுதான் வண்டி நின்றது.

அப்பா குதித்து இறங்கினார். "நான் கத்துதது கேக்கலியாலே ஒனக்கு? இந்தச் சனியன நாளைக்கே வித்துருதேன். நீயும் ஒன் வழியப் பாத்துக்க."

சித்தப்பா கீழே இறங்கினார். முன்பக்கம் போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அத்தை பித்தளைச் செம்போடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை அங்கே கிடந்த கல் மேல் போட்டாள். கைதவறி விழவில்லை, போட்டாள். பனைமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். சித்தப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். நல்ல செம்பு நசுங்கிப் போயிற்றே என்று அம்மா முணுமுணுத்தாள்.

அத்தை சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள். நானும் கூடப் போனேன்.

"எப்பலேருந்துலே?" என்று கேட்டாள்.

சித்தப்பா அவள் உதட்டையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பர்மாலேருந்துக்கா. அண்ணங்கிட்டச் சொல்லிராத. வண்டியத் தொட விடமாட்டாவ."

அத்தை என்னைப் பார்த்து, "ஏளா, நீயும் மூச்சு விடக்கூடாது" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். சத்தம் பர்மாவிலிருந்தே வண்டிக்குள் இருக்கிறது, அதைச் சித்தப்பா மறைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை என்ன கேட்டாள் என்று அப்பா எத்தனை முறை கேட்டும் நான் வாய் திறக்கவில்லை.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை உப்பு மூட்டைகளை அடுக்கும் எங்கள் கொட்டடி வாசலில் அத்தை சித்தப்பாவை எதிரே உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மணல்ல போகும்போது சத்தமே இல்ல. தார் ரோட்டுலதான். நேராப் போனா மொனங்குது. திரும்புனா இடிக்கி. எஞ்சின்ல இல்ல, நம்ம காலுக்குக் கீழ."

"மணல்ல இல்லியா? நெசமாவா?" என்று எழுந்துவிட்டார் சித்தப்பா. அத்தனை நாள் கழித்து அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி நிறுத்தினார். முன்சக்கரத்துக்கான கம்பியைத் தளர்த்திவிட்டு, அப்பாவிடம் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றச் சொன்னார். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். குனிந்து பார்த்தேன். திருப்புளியின் முனையைக் கியர் பெட்டியில் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பெட்டிக்குள்ள பிடிச்சு இழுக்குது, அண்ணே!" என்று உள்ளிருந்து கத்தினார். "கம்பிதான் வெளிய அசையுது, உள்ள கியர் விடல. முன்சக்கரம் எப்பவும் சேந்தே ஓடிருக்கு. மணல்ன்னா சக்கரம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோட்டுல முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்கி."

முன்சக்கரத்துக்குப் போகிற தண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு துறைமுகம் வரை ஓட்டிப் பார்த்தார். ரோட்டைப் பார்த்ததைவிட அத்தை முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். அப்பா, "ரோட்டப் பாருலே" என்று இரண்டு தடவை அதட்டினார். கடைசி வளைவும் திரும்பியது. அத்தை சிரித்துக்கொண்டே சத்தம் இல்லை என்று கையை விரித்தாள்.

பெட்டியைத் திறந்தபோது, கியரைத் தள்ளுகிற இரும்புக் கவை வளைந்து கிடந்தது. புதிதாக அடித்துப் போட்டார்கள். விற்கிற பேச்சு அதோடு நின்றது. துறைமுகத்தில் யாரைப் பார்த்தாலும் அப்பா, "எந்தம்பிக்குப் பாம்புக் காது, அண்ணாச்சி. ஊரே கேட்டும் தெரியாதத அவன் படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சான்" என்பார். பக்கத்தில் நின்று சித்தப்பா சிரிப்பார். அப்பா என்ன சொல்கிறார் என்று அவருக்குக் கேட்டிருக்காது.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் அத்தை சொன்னாள். பர்மாவில் குண்டு பக்கத்தில் விழுந்ததில் சித்தப்பாவுக்கு ஒரு காது முழுக்கப் போய், இன்னொன்றில் பேருக்கு மிச்சம். காதுக்கு எட்டாததைப் பல்லும் எலும்பும் வாங்கிக் கொடுக்கும் என்று பட்டாளத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவராகவே கண்டுகொண்டாராம்.

மொட்டை முடிந்தும் அத்தை அந்த வருஷம் சாத்தான்குளம் திரும்பவில்லை. லாரி கிளம்பும்போதெல்லாம் புளி வாங்கணும், சொந்தக்காரரைப் பார்க்கணும் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு முன்னால் ஏறிக்கொள்வாள். என்னைப் பின்னால் மூட்டைகளோடு அனுப்பிவிடுவாள். இந்த வயதில் இவளுக்கு இவ்வளவு சவாரி ஆசையா என்று அப்பாவிடம் கோள்கூட மூட்டினேன். பின்னால் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால், கண்ணாடி வழியே பார்ப்பேன், அத்தையின் விரல்கள் சித்தப்பாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டும். லாரி ஒதுங்கி வழிவிடும். அத்தை மனசுக்குள் ஏதோ பாடிக்கொண்டு தாளம் போடுகிறாள் என்று நினைத்து, நானும் மூட்டை மேல் தட்டிக்கொண்டு போவேன்.