பாட்டு நின்ற மலை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் இருளர் பாஷை பேசுகிறவர்கள் இரண்டே பேர், நானும் அக்காவும். நீலகிரி அடிவாரத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழும் கன்னடமும் போதும் என்று விட்டுவிட்டோம். அது எங்கள் தப்புத்தான். இப்போது அக்கா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் இருக்கிறாள்.

எங்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு காலேஜ் டீச்சர் வாராவாரம் வருவார். கிழங்கு, பூச்சி, மழை என்று ஒவ்வொன்றுக்கும் பேர் கேட்பார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன். ஒருநாள் சாவுப் பாட்டைக் கேட்டார். செத்தவர் தாண்டவேண்டிய மலைகளைப் பேர் சொல்லி வழியனுப்புகிற பாட்டு அது. நோயாளி படுத்திருக்கிற வீட்டில் பாடினால் அவரை அனுப்பிவைத்த மாதிரி.

"இங்க வேணாம் டீச்சர். வெளியே எங்கயாவது பாடறேன்" என்றேன்.

அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பாடினேன். மூன்று மலை தாண்டினேன். நான்காவதன் பேர் வரவில்லை. முதலிலிருந்து பாடினேன். அங்கேயே நின்றது.

"பரவாயில்லீங்கம்மா, மெல்ல ஞாபகம் வரும்" என்றார் டீச்சர்.

வராது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். படுத்திருக்கிறவளிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊட்டினேன். அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு எங்கள் பேச்சில் கேட்டாள்.

"எங்க போன?"

"சும்மா, ஏரிப்பக்கம்."

"சும்மா போனவ மூஞ்சியா இது? பாட்டு நின்னுபோச்சா?"

நான் அடுத்த வாய்க் கஞ்சியை நீட்டினேன்.

"அம்மா செத்தன்னைக்கும் அங்கதான் நின்ன. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். பெரிய பாட்டுக்காரியாட்டம் கெளம்பிட்டா." வாய் கோணச் சிரித்தாள். "டீச்சரை வரச் சொல்லு, நானே பாடறேன். உன்னை நம்பினா என்னை மூணாவது மலையிலயே விட்டுட்டு வந்துருவ."

"வேணாங்க்கா."

"நீ வெளிய போயிரு. கேக்கறதுக்குச் சொந்தக்காரி இல்லன்னா அது வெறும் பாட்டுதான்."

மறுநாள் டீச்சரை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, வாசற்படியில் உட்கார்ந்தேன். தெருவில் ஆட்டோச் சத்தம். அதற்குள்ளே அக்காவின் குரல் குழறிக் குழறி வந்தது. ஒரு மலை, இரண்டு, மூன்று. காதைப் பொத்தத்தான் கையைத் தூக்கினேன். பொத்தவில்லை. நான்காவது மலையின் பேரைக் கேட்டேன்.

அந்தப் பேரை இதுவரை வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. அக்கா உள்ளே இருக்கிறாள். சொல்லாமலே இருந்தால் மறுபடி மறந்துபோகுமோ என்று தினமும் பயமாக இருக்கிறது.