கீழே இறங்கிய டிரம்பெட்

பல் துலக்கி முடித்ததும் உதடுகளை இறுக்கி ஒட்டிக்கொண்டு ‘புர்ர்ர்’ என்று ஊதுகிறார் டிரம்பெட் அக்கா. குளியலறைக் கண்ணாடி முழுக்கத் தூறல். “கண்ணாடிக்கு ஒரு வைப்பர் வாங்கி மாட்டிடவா?” என்று வெளியிலிருந்து கேட்கிறார் பேருந்து ஓட்டுநரான கணவர். பதிலாக இன்னொரு ‘புர்ர்ர்’, முன்னைவிடச் சத்தமாக.

வாத்தியத்துக்கு உதட்டைப் பழக்கும் பயிற்சி அது. லிஃப்டிலும் நடக்கும், வங்கி வரிசையிலும் நடக்கும். முன்னால் நிற்பவர் திரும்பினால் அக்கா கூரையைப் பார்ப்பார்.

ஜாஸையும் ஃபங்க்கையும் குழைத்து உட்கார்ந்தவர்களை எழுந்து ஆடவைக்கும் குழு, அவரும் அண்ணனும் இளவயதில் தொடங்கியது. அண்ணன் வாசிப்பது அடிச்சுரங்களுக்கான பேஸ் கிட்டார். இப்போது எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. டிரம்ஸ்காரருக்கு மட்டும் நரைக்க முடியில்லை. ஆல்பத்துக்கு ஆல்பம் பழையதைக் கலைத்துப்போட்டுப் புதிதாக எதையாவது செய்து பார்ப்பார்கள். மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பாட்டின் உச்சியில் அக்கா ஏறிப் பிடிக்கும் மேல் சுரம். அதற்காகவே கைதட்டலைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் கூட்டம்.

போன வருடம் மாடிப்படியில் தடுக்கி விழுந்ததில் முன்பற்கள் போயின. பல் மருத்துவர் புதுப்பல் கட்டினார். சிரிப்பு முன்னைவிட அழகாகிவிட்டது. மேல் சுரம்தான் வரவில்லை. ‘உஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர், ஒருநாள் டிரம்பெட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். வீடு கப்சிப்பென்று ஆனது. கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. “கண்ணாடி பளபளன்னு இருக்கு. பாக்கவே சகிக்கல,” என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்த கையோடு பெட்டியை இழுத்தார். உச்சிப் பக்கமே போகாமல், அடிச்சுரத்தில் மெல்ல ஊதினார். காற்றும் நாதமும் கலந்து, யாரோ காதோரம் வந்து பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. இத்தனை வருடமும் உள்ளேயே இருந்தும் தலைகாட்டாத குரல். உடனே அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணா, இனிமே என்னால மேல ஏற முடியாது. நீ ஏறு. நான் கீழ வந்துடறேன்.”

“பேஸ் கிட்டாரை வெச்சுக்கிட்டு நான் எங்கடி ஏறறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏறு!”

ஏறினார். கட்டைக்குரலில் பின்னால் நின்றே பழகிய பேஸ், மெல்லிய தந்தியில் தத்தித் தத்தி மெட்டைப் பிடித்தது. “இந்த வயசுல என்னைப் பரண்ல ஏத்திட்டா,” என்று அண்ணன் புலம்பினாலும், ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். “அக்கா, நாம புது பேண்டா?” என்று கண்ணடித்தார்.

புது ஆல்பத்தின் முதல் பாட்டு பதிவானது. ஒலிப்பதிவாளர் திரும்பப் போட்டுக் காட்டினார். அண்ணனின் கால் தாளம் போட்டது.

“பிரமாதம் மேடம்,” என்றார் ஒலிப்பதிவாளர். “நடுநடுவுல மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. அதைத் துடைச்சு எடுத்துடறேன்.”

அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

“இதுல என்னோடது எது?” என்று கேட்டார் அக்கா. ஒலிப்பதிவாளர் தன் மேசையில், டிரம்பெட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையைக் காட்டினார். அக்கா குனிந்து, அதில் விரலை வைத்து மேலே தள்ளினார்.