வரம்பில் நட்ட பேய்க்கரும்பு

சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து நானாட்டானுக்குத் திரும்பியபோது எங்கள் வயலைக் காணவில்லை. அப்பா கைநீட்டிக் காட்டிய இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் பேய்க்கரும்பு நின்றது. கரும்புக்கு அது சொந்தக்காரன் என்று அப்பா சொல்ல, நான் ஆசையோடு ஒரு தண்டை ஒடித்துச் சப்பினேன். வெறும் சக்கை. ஓலை உதட்டைக் கீறியதுதான் மிச்சம்.

அதைக் கொளுத்தினால் ஒரு மழைக்குத் திரும்பவும் தளிர்க்கும். மெசின் விட்டு உழுதால் வேர் துண்டுதுண்டாகி, துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். அலவாங்குக் கம்பியால் கிண்டி, வேரைக் கையால் இழுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா அப்படித்தான் செய்தார். பின்னேரங்களில் அம்மா அவருடைய உள்ளங்கையில் நல்லெண்ணெய் பூசிவிடுவார்.

அந்த வயல் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாதிப்பாதி. வாய்க்கால் கரைப் பக்கம் பெரியப்பாவுடையது. பெரியப்பா குடும்பம் சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் இருந்தது. அப்பா முதலில் துப்புரவாக்கியது அவருடைய பங்கைத்தான்.

"எங்கட பங்கை முதல் வெட்டுங்கோவன்" என்று அம்மா முணுமுணுத்தார்.

"அண்ணை பிள்ளையளோட வெறுங்கையோட வருவார். வந்த உடன அவருக்கு ஒரு விளைச்சல் இருக்கவேணும்" என்றார் அப்பா.

மாரி மழைக்கு அதில் நெல் விதைத்தார். கதிர் முற்றி வந்த நேரம், பெரியப்பா ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அப்பா சவரம் செய்து, புதுச் சாரம் உடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தார்.

பெரியப்பா தனியாக வரவில்லை. காணிப் பிணக்குப் பார்க்கும் கிராமத்து விதானையாரும் வேறு இரண்டு பேரும் கூட வந்தார்கள். அவர் வீட்டுக்குள் வராமல் நேரே வயலில் போய் நின்றார்.

"தம்பி, வாய்க்கால் கரை எனக்கெண்டுதான் ஐயா தந்தவர். நீ அதில விதைச்சுப்போட்டாயாம். விதானையாரை வைச்சுக்கொண்டு எல்லையைக் காட்டு."



"ஆரண்ணை உங்களுக்குச் சொன்னது?" என்றார் அப்பா.

"ஆர் சொன்னா என்ன? என்ர காணியா இல்லையா?"

"ஓம். உங்கட காணிதான்" என்றார் அப்பா. எல்லையையும் அவரே நடந்து காட்டினார். "பயிரும் உங்கடைதான். முத்தின நெல்லை அருவி வெட்டி எடுங்கோ."

விதானையார் நிலத்தைப் பார்த்தார். அன்று கோழிக் குழம்பை நாங்கள் மட்டும் சாப்பிட்டோம், அப்பா தொடவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது பெரியப்பாவின் காணி என்று ஒரு வருஷமாக அப்பாதானே சொல்லிக்கொண்டிருந்தார்! அதையே பெரியப்பாவும் சொன்னால் ஏன் கோபிக்க வேண்டும்?

அருவி வெட்டு முடிந்து பெரியப்பா வாய்க்கால் கரையில் கொட்டில் போட்டார். அவருடைய மகளுக்கும் என் வயதுதான். நாங்கள் இருவரும் வரம்பால் ஓடி ஓடி விளையாடினோம். ஒருநாள் அப்பா எங்கள் பங்கில் இன்னும் வெட்டாமல் கிடந்த காட்டிலிருந்து பேய்க்கரும்பை வேரோடு கிண்டி, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். இரு காணிக்கும் நடுவிலிருந்த வரம்பு நீளத்துக்கும் அதை நெருக்கி நெருக்கி நடத் தொடங்கினார். இவருக்குப் பைத்தியமா என்று ஊர் சிரித்தது. இன்றைக்கும் அது அங்கே நிற்கிறது. பெரியப்பா செத்த அன்று நாங்கள் ரோட்டால் சுற்றித்தான் போனோம்.

நட்ட அன்று எனக்கு அது பெரிய கொண்டாட்டமாக இருந்தது. அப்பா குழி கிண்ட, நான் கன்று வைத்தேன். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். பெரியப்பாவின் கொட்டிலுக்கு நேரே வந்தபோது மட்டும் ஒரு ஆள் போகக்கூடிய இடைவெளி விட்டுத் தள்ளி வைத்தேன்.

"அதில ஏன் விட்டனி?"

"அது பெரியப்பா ஆக்கள் வாற வழி அப்பா."

அப்பா என் கையிலிருந்த கன்றுகளை வாங்கி அந்த இடைவெளியில் தானே நட்டார். குதிக்காலால் மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினார். நான் நட்டது சரியில்லையாக்கும் என்று நினைத்து, அடுத்த கன்றை இன்னும் ஆழமாக வைத்தேன்.