பத்து நாளில் தீர்ப்பு

பெரியப்பா மகள் எங்கள் வீட்டில் தங்க வந்த அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. அவள் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. அதுவரை அவள் தங்கியிருந்த மாமா குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டதால், ஆனைமலையிலிருந்து பெரியப்பா வந்து அவளை எங்களிடம் விட்டுப் போனார். விடுதியில் சேர்க்க மாட்டாராம். தம்பி வீட்டில் இருந்தால் படிக்கலாம், இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான் என்றார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். ஆனால் என் கண்ணெல்லாம் என் மேசைமேல் அவள் அடுக்கிய புத்தகங்களின் மீதே இருந்தது.

கல்லூரியில் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் நில ஆர்ஜிதம், வாடகை என்று எடுத்துக்கொள்ள, இவள் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டாள். அதற்காக யூடியூபைப் பார்த்து அந்த மொழியையும் கற்றாள். அப்பாவுக்கு லேத் பட்டறை. கோர்ட் வாசலை மிதித்தவரில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு எந்த நாடுங்க அம்மணி?" என்பார். தோசையைப் பிட்டபடி அவள் ஆரம்பிப்பாள். மெக்சிகோவில் அரசாங்கம் ஒருவருடைய உரிமையில் கைவைத்தால், அவர் நீதிபதியிடம் 'அம்பாரோ' கேட்டுப் போகலாம். விசாரணை முடியும்வரை அந்த உத்தரவையே நிறுத்தி வைக்க நீதிபதியால் முடியும். அப்பா வாயைப் பிளந்து கேட்பார். அவள் வருவதற்கு முன் அந்த நேரம் என்னுடையது. என் வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதை அவர் அதே வாயைப் பிளந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்து அதை அழகுபடுத்த விரும்பவில்லை. அவளுடைய சார்ஜரை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியில் எண்ணெய் விரலைப் பதித்தேன். அவள் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் கொலம்பியா வந்தது. அங்கே 'துதேலா' என்று ஒரு மனு உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, எழுதத் தெரியாதவர் வாயாலேயே சொல்லலாம். சின்னப் பிள்ளைகூடப் போடலாம். பத்து நாளைக்குள் நீதிபதி தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சின்னப் பிள்ளைகூட என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அவளிடமே போய் நின்றேன். "எனக்கு ஒரு துதேலா எழுதோணுங்க்கா." யார் மேல் என்று கேட்டாள். அப்பா மேல் என்றேன். என்ன வேண்டுமாம் என்றாள். "முன்னாடி மாதிரி நாங்க மட்டும் இருக்கோணும்."

அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். என் பெயர், வயது, பறிபோன மேசை, பறிபோன அப்பா எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். "தீர்ப்புனால யாரு பாதிக்கப்படறாங்களோ அவங்களையும் கேக்கோணும் கண்ணு. அது முக்கியம்" என்றாள். கடைசி வரியை மட்டும் என்னை எழுதச் சொன்னாள். அக்கா போக வேண்டும் என்று எழுதினேன்.

எதிர்த்தரப்பும் அப்பா, நீதிபதியும் அப்பா என்பது எனக்கு உறுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அதைப் படித்துப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். பிறகு முறைப்படி அவள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க அம்மணி?" என்றார்.

"எனக்கு எப்படின்னாலும் செரிங்க சித்தப்பா."

எங்கள் ஊர்ப் பக்கம், இன்னொருவர் வீட்டில் இருக்கும் பெண் வேறு எதுவும் சொல்ல மாட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

அன்று மாலை அப்பா இதைப் பெரியப்பாவிடம் போனில் வேடிக்கையாகச் சொன்னார். பெரியப்பாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தம்பி நேரில் சொல்லச் சங்கடப்பட்டுப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டார். மனுப் போட்ட எட்டாம் நாள் ஒரு குலை இளநீரோடு காரில் வந்து இறங்கினார். "உனக்கும் சிரமந்தான தம்பி" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிங்க" என்றார் அப்பா. அண்ணன் தன் மகளைத் திருப்பிக் கேட்கிறார், மறிப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். இருவருமே அவ்வளவு மரியாதை பார்ப்பவர்கள். இங்கேயே இருக்கட்டும் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அக்கா அரைமணி நேரத்தில் பெட்டி கட்டிவிட்டாள்.

கார் கிளம்பும்போது சன்னலை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். "தீர்ப்பு வந்த பொறகு மூணு நாள் டைம் இருக்குது கண்ணு. அதுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம்."

மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். மூன்று நாளும் அப்பாவின் போன் அடித்தபோதெல்லாம் நானே ஓடிப் போய் எடுத்தேன். அவளாக இருந்தால் அப்பாவிடம் கொடுக்கக் கூடாது என்று இருந்தேன். அவள் கூப்பிடவே இல்லை. நான்காம் நாள் ஜெயித்த திருப்தியோடு பள்ளிக்கூடம் போனேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு பந்தியில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். வாய் திறந்து எதையும் கேட்க முடியாத ஒருத்தி, மனுப் போட்ட என்னிடம்தான் அந்த மேல்முறையீட்டைச் செய்யச் சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.