பதினோரு நாள் தாமதம்

போர்ட் பிளேரில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. கடிகாரம் என்னவோ சங்கரன்கோவிலில் அக்கா வீட்டில் ஓடுவதுதான். அங்கே அப்போது வெயில் அடிக்கும். இங்கே ஷாதிபூர் பகுதிக்குக் குடிவந்த புதிதில், விளக்கைப் போட்டுக்கொண்டு வீடியோவில் பேசினால் அக்கா சிரிப்பாள்: "ஏட்டி, அதுக்குள்ள இருட்டிட்டா?"

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வு. தொலைதூரக் குவேசார் ஒன்றின், அதாவது பெருங்கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வாயு வட்டின், ஒளியை வழியிலுள்ள விண்மீன் மண்டலம் வளைப்பதால், அது இரண்டு புள்ளிகளாகத் தெரிகிறது. பாதைகளின் நீளம் வேறு என்பதால், குவேசாரின் மினுக்கம் ஒரு புள்ளியில் முதலிலும் மற்றதில் சில நாள் கழித்தும் தெரியும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பொதுவானது போய்விடும். ஒன்றில் மட்டும் மிஞ்சுவது, வழியில் ஒரு விண்மீன் குறுக்கிட்டதன் விளைவு. இதை நுண் ஈர்ப்பு லென்ஸ் என்பார்கள். அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைக் கொண்டு, எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாத குவேசார் வட்டின் அளவைக் கணிக்கிறோம்.

அப்பாவையும் இப்படித்தான் பார்த்தேன். அவர் அக்கா வீட்டில் இருந்தார். அக்கா தினமும் பேசுவாள். மதுரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வரும் அண்ணனும் பேசுவான். சாப்பாடு, தூக்கம், கால் வீக்கம், பேச்சு என்று கட்டம் போட்டு இருவர் சொன்னதையும் எழுதிவைத்தேன். அது அக்காவுக்கும் தெரியும்.

"அப்பா சரியில்லட்டி. என்னையே யாருன்னு கேக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போ," என்றாள் அக்கா.

அண்ணனிடம் கேட்டேன். "அவ வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டை. அதான் எல்லாம் பயமாத் தெரியுது. அப்பா எங்கிட்ட நல்லாத்தானே பேசினாரு?"

ஒருத்தி சொன்னதில் மட்டும் இருந்த சரிவை, அவளுடைய கவலை என்று கழித்துவிட்டேன். டிக்கெட் எடுக்கவில்லை. அண்ணன் அப்பாவைப் பார்த்தது அக்கா கூப்பிட்டதற்கு மூன்று நாள் முன்பு. அந்தத் தாமதத்தைச் சேர்க்க மறந்தேன். ஆய்வில் முதல் வேலையே அதுதான்.

அக்கா கூப்பிட்ட பதினோராம் நாள், அடுத்த முறை அப்பாவைப் பார்க்கப் போனபோது, அண்ணன் அழைத்தான். "கிளம்பி வா." மறுநாள் சென்னையில் இறங்கி ஃபோனைப் போட்டபோது அப்பா போய்விட்டிருந்தார்.

அக்கா வீட்டு வாசலில், "அந்தமான்காரி வந்துட்டா," என்று யாரோ வழிவிட்டார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "நான் சொன்னத எழுதி வச்சியா?" என்று மட்டும் கேட்டாள். வைத்திருந்தேன், தேதியோடு.

காரியம் முடிந்து திரும்பினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த வீட்டுக்கார ஆன்ட்டிக்கு எதுவும் தெரியாது. இந்தி கலந்த தமிழில் கேட்டார்: "மெயின்லேண்ட்ல சப் டீக், எல்லாம் நல்லபடியா? லீவு மஜாவா போச்சா? தூப்ல, வெயில்ல ரொம்ப சுத்தினியா, மூஞ்சி காலா ஆயிடுச்சே!"

"டீக் ஹே, ஆன்ட்டி," என்றேன்.

அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. அவளைப் பற்றி அண்ணன் மட்டும் சொல்கிறான். ஒருவர் சொல்வது மட்டும் இருந்தால், அதை எதிலிருந்தும் கழித்துப் பார்க்க முடியாது. போன வாரம் கல்லூரியில் ஒரு படிவம் தந்தார்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். அவள் எடுக்கமாட்டாள் என்று, பக்கத்தில் ஆன்ட்டியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.