அடித்தகடு இல்லாத வளையம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மாசி மாசம். காரிமங்கலம் பைபாஸ் ஓரமா எங்க வெல்டிங் பட்டறை. டிராக்டர் டிரெய்லர், கேட்டு, தண்ணித் தொட்டி ஸ்டாண்டு, இதுதான் பொழப்பு. என் வூட்டுக்காரர் வெளியில ஷெட்டு போடப் போயிடுவாரு, பட்டறை வேலை பூரா என் கையில. அன்னைக்குக் காலையில ஒரு பெரிய கார், பின்னாடி ஒரு பாய்மரப் படகை இழுத்துக்கிட்டு வந்து நின்னுச்சு. கடலே இல்லாத ஊர்ல படகு! டீக்கடையில இருந்தவங்க எல்லாம் டம்ளரோட எழுந்து வந்துட்டாங்க.

பெங்களூர்ல இருந்து வந்த புருசன் பொஞ்சாதி. ரெண்டு பேருக்கும் ஐம்பது வயசு இருக்கும். பழைய படகை வாங்கி, ஆள் வச்சு ரிப்பேர் பண்ணி, பாண்டிச்சேரிப் பக்கம் கடல்ல இறக்கப் போறாங்களாம். மேல்தளத்துல பளபளன்னு, துருப்பிடிக்காத எஸ்.எஸ். வளையம் நாலு. முன்னாடி வளையத்துல கயிறு போட்டு டிரெய்லரோட கட்டியிருக்காங்க. வேகத்தடையில வண்டி குதிச்சதும் அது ஒரு துண்டு ஃபைபரோட பிச்சுக்கிட்டு வந்துடுச்சு.

"ஆம்பளைங்க யாரும் இல்லையா?"ன்னு கேட்டார் அந்த மனுசன். எனக்கு அங்கயே சுர்ருன்னு ஏறிடுச்சு. "நான்தாங்க பட்டறை, சொல்லுங்க"ன்னேன். ஓட்டையைப் பசை வச்சு அடைச்சு, பெரிய ஸ்க்ரூவா போட்டு முறுக்கினா போதும், அரை மணியில கிளம்பணும்னார்.

நான் படகுக்குள்ள பூந்து, மல்லாக்கப் படுத்து, செல்போன் டார்ச்சை அடிச்சுப் பார்த்தேன். அடப்பாவிங்களா! போல்ட்டுக்கு அடியில எட்டணா சைஸ் வாஷர். அவ்வளவுதான். தகடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மேலயும் கீழயும் ஃபைபர், நடுவுல பிளைவுட். ஓட்டை வழியா தண்ணி இறங்கி அந்தப் பிளைவுட் டீயில ஊறின பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சு. தெரியாம இருக்க மேல பாலிஷ் வேற போட்டிருக்கான், ரிப்பேர் பண்ணின படுபாவி. மாட்டுத்தீவனம் ஏத்துற டிரெய்லருக்கே நாங்க பலகைக்கு அடியில பட்டை இரும்பு வச்சுத்தான் கொக்கி போடுவோம். இழுக்கிற பாரம் ஒரு ஓட்டையில நிக்கக் கூடாது, தகடு பூரா பரவணும்.

வெளிய வந்து, "இந்த வளையம் எதுக்குங்க?"ன்னு கேட்டேன். அலை அடிக்கிறப்ப பாயைச் சரி பண்ண முன்னாடி போறவங்க, இடுப்பு பெல்ட்டை இதுல மாட்டிக்கணுமாம். தவறி விழுந்தாலும் கடலோட போகாம இது பிடிச்சுக்குமாம்.

"முன்னாடி போறது யாரு?"

சம்சாரத்தைத் தாடையால காட்டினார். அவர் பின்னாடி உக்காந்து சுக்கான் பிடிக்கணுமாம்.

"அப்ப பசை போட்டு ஒட்டின வளையத்துல இந்தம்மாவைக் கட்டி விட்டுட்டு, நீங்க பத்திரமா பின்னாடி உக்காந்துக்குவீங்க. அப்படித்தானே?"

மனுசன் மொகம் செவந்து போச்சு. "நீ கடலைப் பார்த்திருக்கியா?"ன்னார். மருவாதியும் போயிடுச்சு பாருங்க. நிசமாவே நான் பார்த்ததில்லை. "கடலைப் பார்த்ததில்லைங்க, போல்ட்டைப் பார்த்திருக்கேன்"னு சொல்லிட்டு, பக்கத்து வளையத்துல கயிறு போட்டு, காலை ஊனி ஒரு இழு இழுத்தேன். வளையத்தைச் சுத்தித் தளம் உப்பி, கறுப்புத் தண்ணி கசிஞ்சுது.

அந்தம்மாவுக்குக் கன்னடம்தான் பேச்சு. எங்க தெருவுல பாதிப் பேர் கன்னடம் பேசுறவங்க, அதனால எனக்கும் வரும். "நோடி அக்கா, நீங்களே உள்ள வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டேன். உள்ள வந்து ஓட்டையில விரலை விட்டாங்க. ஈர மரத்தூள் விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் இறங்கிப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, "நாலையும் பிரிச்சுப் போடுங்க. முடியிற வரைக்கும் நான் இங்கருந்து எழுந்திரிக்க மாட்டேன்"னாங்க. புருசன்கிட்ட இல்லை, என்கிட்ட.

ரெண்டு நாள் ஆச்சு. உளுத்த பிளைவுட்டைச் சுரண்டி எடுத்து, புதுசு வச்சு, தர்மபுரியில வாங்கின ரெசினை ஊத்தி இறுக விட்டேன். பால் டேங்க் வேலையில மிஞ்சின கனமான எஸ்.எஸ். தகட்டை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில கொடுத்து முறுக்கினேன். கடைசியில புளியமரத்துல செயின் புல்லி கட்டி இழுத்துப் பார்த்தோம். டிரெய்லரோட படகே நகர்ந்துச்சு, வளையம் அசையலை. அந்த மனுசன் காசை எண்ணிக் குடுத்துட்டு வண்டியில ஏறிட்டார், அந்தம்மா என் போன் நம்பரை வாங்கிக்கிட்டுக் கிளம்பினாங்க.

எட்டு மாசம் கழிச்சு அந்தம்மாகிட்ட இருந்து போன். அலை ஒண்ணு தூக்கி அடிச்சு, படகுக்கு வெளிய விழுந்து தொங்கினாங்களாம். வளையம் தாங்கிடுச்சாம். போன்ல பின்னாடியே புருசன் குரல் கேட்குது: "ஒசத்தியான வளையம், நான் பார்த்து வாங்கினது!" எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? கடலைப் பார்க்காதவ வச்ச தகடு அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"விடுங்கம்மா"ன்னாங்க அந்தம்மா. "நான் பெல்ட் மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உள்ள போய் உங்க தகட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் மேல வரேன்."

அந்த ஆள் மேல கோபம் இன்னும் ஆறலைங்க. ஆனா பட்டறைக்கு வர்ற யாராவது "சும்மா மேலாப்புல முடிச்சுக் குடு"ன்னு சொன்னா, அந்தம்மா விரல்ல ஒட்டியிருந்த மரத்தூள் கண்ணு முன்னாடி வந்துடும், நான் அடியில குனிஞ்சு பார்க்காம ஸ்பேனரைத் தொடுறதில்லை.